ஐஸ் பெட்டியில் போன ரத்தம்

ரத்ததான முகாமில்தான் முருகவேலின் ரத்தத்தில், கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருப்பது தெரிந்தது. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மூட்டை ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். அன்றிலிருந்து ஏழு வயது மகள் எழிலைத் தூக்குவதை விட்டுவிட்டான். அவள் ஓடிவந்தால் வண்டியைத் துடைக்கிறவன்போலத் திரும்பிக்கொள்வான். அவன் மனைவி மதிவதனிக்கு நோயைவிட அதுதான் வலித்தது.

"என் மூக்கு, என் சுருட்டை முடி எல்லாம் அவளுக்கு வந்திருக்கு. இது மட்டும் வராம இருக்குமா?" என்றான் ஒருநாள்.

மறுநாளே அவனைத் திருவண்ணாமலைக்கு இழுத்துப் போனாள். அங்கே பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் சிந்துஜா, ஒரு காகிதத்தின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினாள். மூக்கும் முடியும் பிள்ளைக்கு டி.என்.ஏ. வழியாக வருகின்றன. அது ரெட்டைச் சரம், கெட்டி. பழைய எலும்பில்கூட ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இந்த வைரஸிடம் இருப்பதோ வெறும் ஆர்.என்.ஏ., ஒற்றைச் சரம். அதிலுள்ள சர்க்கரையில் ஒரு ஆக்சிஜன் ஜாஸ்தி. அதனாலேயே சீக்கிரம் உடைந்துபோகும்.

"உங்க டி.என்.ஏ.க்குள்ள போய் இது உக்காராதுண்ணா. மூணு மாசம் மாத்திரை போட்டா பெரும்பாலும் போயிடும். தூக்கினா, கொஞ்சினா எல்லாம் ஒட்டாது."

எழிலுக்கும் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. ஆனாலும் முருகவேல் மனசு கேட்கவில்லை. தன் ரத்தம் சுத்தமானால்தான் அவளைத் தூக்குவேன் என்றான்.

மாத்திரை முடிந்து, இன்னும் மூன்று மாதம் காத்திருந்து, வைரஸின் ஆர்.என்.ஏ. மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் கடைசிச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தான். அந்தச் சோதனை வேலூரில்தான் நடக்கும். அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி. ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பிய ரத்தம் கிரிவலக் கூட்டத்தில் மாட்டி, ஐஸ் கரைந்து, சாயங்காலம் வெதுவெதுப்பாகத் திரும்பி வந்தது. சிந்துஜா போன் செய்து மறுபடி ரத்தம் எடுக்கவேண்டும் என்றாள்.

"அதையே அனுப்பச் சொல்லு வதனி. இல்லன்னு வந்தா போதும்," என்றான் அவன்.

மதிவதனி யோசித்தாள். டி.என்.ஏ.வாக இருந்தால் அந்தச் சூட்டைத் தாங்கியிருக்கும். ஆர்.என்.ஏ. உடைந்திருக்கும். வைரஸ் இருந்தாலும் இல்லை என்றே முடிவு வரலாம்.

"பொய்யா ஒரு 'இல்ல' வாங்கி என்ன பண்றதுங்க? அவளத் தூக்கறப்பல்லாம் அந்தச் சந்தேகம் கூடவே வராதா?"

காலையில் சிந்துஜாவிடம் அவன் தானாகவே கையை நீட்டினான். இந்த முறை வேறு யாரையும் நம்பவில்லை, தங்கள் வேனிலேயே வேலூருக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்திருந்தாள் மதிவதனி. போளூரில் நிறுத்தி மறுபடி ஐஸ் நிரப்பினார்கள்.

நாலாம் நாள் முடிவு வந்தது. போனில் சொல்ல மனம் வராமல், அவன் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மண்டிக்கே நடந்து போனாள்.

"ஆர்.என்.ஏ. இல்லையாம்."

"ஐஸ் கரையலயே?"

"கரையல. நான்தான புடிச்சிருந்தேன்."

அவன் வேனுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பள்ளி எத்தனை மணிக்கு விடும் என்று கேட்டான்.

பள்ளி வாசலில் எழில் வழக்கம்போலப் பையை மட்டும் நீட்டினாள். பையை வாங்கித் தோளில் மாட்டிய முருகவேல், குனிந்து அவளையும் தூக்கினான். மீசை குத்துகிறது என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீழே மட்டும் இறங்கவில்லை.