சைவநெறிக்கு வகுப்பு வேண்டாம்

வவுனியாச் சந்தையில் அப்புத்துரையை ஏய்த்துக் கத்தரிக்காய் விற்றவன் இன்னும் பிறக்கவில்லை. பெட்டியின் மேலே மினுங்குவதை அவர் பார்க்கவே மாட்டார். அடியில் கைவிட்டுப் பார்த்துத்தான் விலை பேசுவார். அப்படிப்பட்ட மனிதர் சொந்த மகளின் படிப்பில் மேலோட்டமாகப் பார்த்து ஏமாந்துபோனார்.

தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, அங்கேயே ஒன்பதாம் வகுப்புவரை படித்தவள் கஜனி. குடும்பம் சொந்த நாட்டுக்கு, வவுனியாப் பக்கத்துப் பூவரசங்குளத்துக்குத் திரும்பியபின் இங்கத்தைய சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமானாள். அதில் ஆறு பாடம் தேறினால்தான் மேலே உயர்தர வகுப்புக்குப் போகலாம். அவளைப்போலத் திரும்பிவந்த பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கும் பிரஷாந்தினி ரீச்சர், சமய பாடமான சைவநெறிக்கும் கிழமையில் ஒரு நாள் ஒதுக்கச் சொன்னார். அப்புத்துரை ஒப்பவில்லை. முகாம் கோயிலில் விடிய எழும்பித் தேவாரம் பாடிய பிள்ளைக்குச் சைவநெறி வகுப்பு எதற்கு, மீனுக்கு நீச்சல் பழக்குவதோ என்று கேட்டு, அந்த நாளையும் கணிதத்துக்கே கொடுக்கவைத்தார். அவள் படித்த இந்தியப் பள்ளிக்கூடத்தில் சமயம் ஒரு பாடமாகவே இருக்கவில்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

சோதனைக்கு இரண்டு கிழமை இருக்க, ரீச்சர் பழைய சமய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்துக் கஜனியை எழுதவைத்துப் பார்த்தார். பிறகு அப்புத்துரையைக் கூப்பிட்டனுப்பினார்.

"தேவாரம் பாடச் சொன்னா, கேக்கிற எங்களுக்குக் கண்ணீர் வருது அண்ணை. எந்தத் தலத்தில ஆர் பாடினதெண்டு கேட்டாப் பிள்ளை முழிக்குது. சித்தாந்தக் கேள்வியெல்லாம் வெறும் வெள்ளை."

"கோயிலுக்குப் போற பிள்ளை ரீச்சர்."

"சோதனைக்குக் கோயில் வராது. கேள்விதான் வரும்."

அப்புத்துரை தாளை வாங்கிப் பார்த்தார். மும்மலங்கள் எவை என்றிருந்தது. அவருக்கே ஆணவம்தான் தெரிந்தது; மற்ற இரண்டும் வரவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தார். வரலாறு ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது. அவள் அங்கே படித்த அரசர்கள் வேறு, இங்கே கேட்கும் அரசர்கள் வேறு. சமயமும் போனால் ஆறு பாடம் நிரம்பாது.

"வரலாற்றை விடுவம்," என்றார் ரீச்சர். "இருக்கிற பொழுதைச் சமயத்துக்குப் போடுவம். ரெண்டையும் பிடிக்க ஏலாது."

அப்புத்துரைக்குப் பேரம் பேச வாய் உன்னியது. ஆனால் நாட்களைக் கூட்டி விற்கிறவன் எந்தச் சந்தையிலும் இல்லை.

அன்றிலிருந்து கஜனி சோறு தின்னும்போதும் உதடு பாடத்தை முணுமுணுத்தது. உங்கட சைவம்தான் பிள்ளையைக் கவிழ்க்கப்போகுது என்று மனைவி இரஞ்சிதம் குசினிக்குள் அடுப்படியில் நின்று அப்புத்துரையைக் குத்திக்கொண்டே இருந்தார்.

சோதனையின் முதல் நாளே சமயம். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தபடி சந்தானகுரவர் நால்வரின் பெயரைக் கஜனி முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். மெய்கண்டார், அருள்நந்தி, மறைஞானசம்பந்தர்... நாலாவது சிக்கியது. அப்புத்துரைக்கும் தெரியாது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். உமாபதி வந்து சேர்ந்தபோது, அப்பாவும் மகளும் சேர்ந்து மூச்சு விட்டார்கள்.

வழியில் பிள்ளையார் கோயில். எந்த அவசரத்திலும் கற்பூரம் கொளுத்தாமல் அவர் அதைத் தாண்டியதில்லை. கை தானாகப் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாதீங்கப்பா," என்றாள், முகாம் பேச்சு இன்னும் மாறாத மகள். "சாமி கும்பிட்டா மறந்துபோயிரும்."

அப்புத்துரை வேகத்தைக் கூட்டினார். கோயில் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.