பத்து இஞ்சு ஸ்பீக்கர்

பேருந்து கோபால்பட்டியைத் தாண்டும்போதுதான் நாகஜோதிக்கு முதல் சந்தேகம் விழுந்தது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த இனிகோ, போனைக் கையால் பொத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார்.

"கூட்டிட்டுத்தேன் வாரேன் பாய். ஆனா அதப்பத்தி அந்தப் புள்ளகிட்ட மூச்சு விட்றாதீங்க."

அந்தப் பேருந்தில் அவருக்குத் தெரிந்த பிள்ளை அவள் ஒருத்திதான்.

நத்தத்துக்குப் பக்கத்தில் ஐந்து பெண்கள் சேர்ந்து நடத்தும் கும்மிப்பாட்டுக் குழுவுக்கு நாகஜோதி தலைவி. இனிகோ ஆறு வருஷமாக அவர்களுக்குக் கீபோர்டு வாசிக்கிறார். போகிற ஊரிலெல்லாம் வாடகை சவுண்டு செட்காரன் பேஸ் இடியைக் கூட்டிவைத்துப் பாட்டின் சொல்லையே அமுக்கிவிடுகிறான். யூடியூபில் போடலாம் என்று போனில் பதிவு செய்தால் பாட்டை விடக் காற்றுச் சத்தம்தான் தூக்கலாக இருக்கிறது. அதனால் சொந்தமாக ஒரு மிக்சரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்குவது என்று முடிவானது. "ஏமாந்துட்டு வந்துராதடி" என்று குழுவில் கூடப் பாடும் மூக்காயி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

திண்டுக்கல்லில் இறங்கியதும் இனிகோ வேறு எந்தக் கடையையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகக் கிதர் முகம்மதுவின் சவுண்டு சாமான் கடைக்குள் நுழைந்தார். கடைக்காரர் எழுந்து வந்த வேகத்தையும், இருவரும் ஒரு நொடி பார்த்துக்கொண்ட பார்வையையும் நாகஜோதி கவனித்தாள். கமிஷன்தான், வேறென்ன.

முதலில் மிக்சர். பன்னிரண்டு மைக் செருகும் பெரிய மிக்சர் ஒன்று வண்ண விளக்குகளோடு மினுங்கியது. இனிகோ அதை விட்டுவிட்டு, எட்டே சேனல் உள்ள, கறுத்த பெட்டி ஒன்றைக் கேட்டார்.

"பெருசு ஏன் வேணாங்கிறீங்க?"

"நமக்கு அஞ்சு மைக்கு, கீபோர்டு, டோலக்கு. ஏழுதானம்மா. பெருசுல எல்லாத்தையும் கலந்து ஒரே பாட்டாத்தேன் பதிவு பண்ண முடியும். இதுல ஒவ்வொரு குரலும் தனித்தனியா கம்ப்யூட்டருக்குப் போகும். மூக்காயி சுதி விலகுனா அவள மட்டும் கொறச்சுக்கலாம்."

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நியாயமாகப் பேசுகிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது அவள் வழக்கம். ம் என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

ஸ்பீக்கர் விஷயத்தில்தான் முட்டிக்கொண்டது. இடுப்பு உயரத்துக்கு நின்ற பதினைந்து இஞ்சு ஸ்பீக்கர் அவள் கண்ணை நிறைத்தது. இரண்டாயிரம் வாட்ஸ் என்று ஸ்டிக்கர் வேறு. விலையும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. இனிகோ அதன் பக்கமே போகவில்லை.

"பத்து இஞ்சு போதும்."

"திருவிழாக் கூட்டத்துக்கா? கல்யாண வீட்டு வாசலுக்கே காணாதுண்ணே."

"ஸ்டிக்கர்ல என்ன வேணா போடுவாங்க. அத நம்பாத."

கடைக்காரரும் தலையாட்டினார். தன் கடைச் சரக்கையே வேண்டாம் என்கிற வியாபாரியை அவள் இதுவரை பார்த்ததில்லை.

நாகஜோதி பையிலிருந்து தன்னுடைய மைக்கை எடுத்தாள். "நா கொண்டாந்த மைக்குல போட்டுக் காட்டுங்க."

பெரிய ஸ்பீக்கரில் பாடியபோது குடத்துக்குள் தலையைவிட்டுப் பாடியதுபோல் இருந்தது. இனிகோவின் விரல் மிக்சரின் திருகு மேல் இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் செத்த நேரம் தள்ளி நில்லுங்க."

எல்லாத் திருகுகளையும் அவளே நடுவில் நிறுத்தினாள். சத்தத்தை அவளே வைத்தாள். மைக்கை இனிகோ கையில் கொடுத்துப் பாடச் சொல்லிவிட்டு, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள். ஆட்டோவும் பேருந்தும் இரைந்துகொண்டு போயின. பெரிய ஸ்பீக்கரிலிருந்து 'தும் தும்' என்று நெஞ்சில் இடிப்பது மட்டும்தான் வந்தது. சின்னதுக்கு மாற்றச் சொன்னாள். இனிகோவின் கட்டைக் குரலில் வந்த பாட்டு, வார்த்தை வார்த்தையாக அவளிடம் வந்து சேர்ந்தது.

காது சொன்னதை மனசு ஏற்கவில்லை. ஸ்பீக்கர் நல்லதாகவே இருக்கட்டும், அந்த ரகசியப் பேச்சு எதற்கு? திரும்பி வந்தவள் வேண்டுமென்றே சொன்னாள்.

"எனக்குப் பெருசுதேன் பிடிச்சிருக்கு. தூக்குங்கண்ணே, ஆட்டோவுல ஏத்துவோம்."

இனிகோவின் முகம் சுண்டிப்போனது. ஒரு கணம் தயங்கினார். பிறகு குனிந்து பெட்டியின் இரு கைப்பிடிகளையும் பற்றினார்.

"இனிகோ, விடுய்யா!" கிதர் முகம்மது பாய்ந்து வந்து பெட்டியை அமுக்கிப் பிடித்தார். "டாக்டர் என்ன சொன்னாரு? இன்னொரு தடவ விழுந்தா எந்திரிக்க மாட்ட!"

இனிகோ அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். கடைக்காரர்தான் சொன்னார். போன வருஷம் கொடைரோட்டுப் பக்கம் ஒரு தேவாலயத் திருவிழாவில் ஸ்பீக்கர் தூக்கும்போது இனிகோ முதுகு பிடித்து விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் கிதர் முகம்மது. முதுகுத்தண்டில் சவ்வு விலகியிருக்கிறது, பாரம் தொடவே கூடாது.

"இத எங்ககிட்ட ஏண்ணே மறச்சீங்க?" நாகஜோதியின் குரல் கோபமாகத்தான் வந்தது.

இனிகோ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பழனிக்குமாரு கை ஒடிஞ்சப்ப, டோலக்குக்கு வேற ஆளப் போட எம்புட்டு நாளாச்சு உனக்கு?"

பத்து நாள். அவன் கட்டுப் பிரிக்கும் முன்பே புது ஆள் வந்துவிட்டான். பழனிக்குமாரைப் பிறகு யாரும் கூப்பிடவுமில்லை. காலையிலிருந்து இனிகோவை ஒரு திருடனைப்போல் கண்காணித்துக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்து நாகஜோதிக்கு முகம் சுட்டது.

"சின்னதையே போடுங்க பாய்" என்றாள். "ஆனா ஒரு வாரத்துல கோளாறு வந்தா திருப்பி எடுத்துக்குவேன்னு பில்லுல எழுதுங்க."

"உங்களுக்கு இன்னும் நம்பிக்கை வரலையாம்மா?"

"உங்க மேல வந்துருச்சு, மெஷின் மேலதேன் வரல."

கிதர் முகம்மது சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே மற்ற நால்வரிடமும் சொல்லிவிட்டாள். இனிகோவின் முதுகைப் பற்றி மட்டுமல்ல, தான் அவரைச் சந்தேகப்பட்டதையும். அடுத்த நாள் பழனிக்குமாருக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தான். வேறு குழுவில் வாசிப்பதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவளும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

பங்குனித் திருவிழாவில் முதல் நிகழ்ச்சி. ஸ்டாண்டில் ஏற்றிவைத்த பெட்டிகளைப் பார்த்து விழாக் கமிட்டிக்காரர் முகம் சுளித்தார். "என்னத்தா, தீப்பெட்டி மாதிரி இருக்கு? கடைசி வரிசைக்குக் கேக்குமா?"

இரண்டாம் பாட்டிலேயே கடைசி வரிசைப் பெண்கள் பாட்டின் அடியை வாங்கித் திருப்பிப் பாடினார்கள். கமிட்டிக்காரர் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பெட்டியை மூக்காயியும் மற்றொன்றை நாகஜோதியும் தூக்கிக்கொண்டார்கள். ஸ்டாண்டை எடுக்க வந்த இனிகோவை மூக்காயி அதட்டினாள்.

"அத வைங்கண்ணே. ஒயரச் சுத்துங்க, போதும்."

இனிகோ மேடை ஓரத்தில் உட்கார்ந்து ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.