பலகையும் ரப்பரும்

மார்ச் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மாலை, மருந்துக்கடை மாடியில் நடக்கும் நடன வகுப்பில், மூக்குக்கண்ணாடிக் கடையின் கல்லாவில் உட்காரும் பெண் முதல்முறையாகக் குனிந்து தன் கால் கட்டைவிரலைத் தொட்டாள். அதே நிமிடம், நான்கு தெரு தள்ளி, ஏழாவது மாடி ஜன்னல் விளிம்பில் வயிற்றை வைத்து வெளியே நீண்டு ஏ.சி. பெட்டியைப் பொருத்திக்கொண்டிருந்த அவள் கணவன் அப்படியே விறைத்துப்போனான். கூட வேலை செய்தவர்கள் அவனை உள்ளே இழுத்து, ஏணியை இறக்குவதுபோல் படிக்கட்டில் இறக்கினார்கள். திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டார்கள்.

அதுவரை வேலையிடத்தில் அவனுக்குப் பெயர் ரப்பர். ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து வெளியே வருவான். எந்த விருந்தானாலும் முதல் ஆட்டம் அவனுடையது. மனைவியை அவன் பலகை என்று கூப்பிட்டான், செல்லமாகத்தான். கல்யாணமான முதல் வருஷமே அவள் முதுகு வளைய மறுத்துவிட்டது. கீழே விழுந்ததை எடுக்க நீளமான ஓர் இடுக்கி வாங்கித் தந்திருந்தான். அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் அவள் கடைக்குப் போய்வந்தாள். அந்த மார்ச்சுக்கு முந்தைய குளிர்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தவளால் எழ முடியவில்லை. ஈரத்தரையில் கன்னத்தை வைத்து, குழாய் சொட்டுவதைப் பார்த்தபடி, அவன் வரும்வரை கிடந்தாள். அவன் நண்பன் வீட்டு விருந்தில் ஆடிக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று எல்லோரும் கேட்டதால் தாமதம். அந்த வாரமே அவள் வகுப்பில் சேர்ந்தாள். அவள் வயதில் பாதிகூட இல்லாத ஆசிரியை, "மூச்ச விடுங்கம்மா, நான் ஒண்ணும் புடுங்கிட்டுப் போகமாட்டேன்" என்று சொல்லித்தான் ஆரம்பித்தாள்.

ஏப்ரலில் அவள் உட்கார்ந்தபடி முழங்காலில் நெற்றியை வைத்தாள். அவன் நின்றுகொண்டே சாப்பிடத் தொடங்கினான். மே மாதம் அவள் தோள்கள் இளகின. அவனால் தலை சீவ முடியவில்லை. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க வீட்டுல வளைவு ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு பேரும் அதைத்தான் எடுத்துக்கறீங்க. நிறைய வீட்டுல உண்டுங்க இது. யாரும் கொண்டுவந்து காட்டறதில்ல, அவ்வளவுதான்."

மாத்திரை எதுவும் எழுதவில்லை.

வீடு அவன் சம்பளத்தில் ஓடியது என்பதால் அவள் வகுப்பை நிறுத்தினாள். மாதம் முடிவதற்குள் அவன் பழையபடி ஜன்னலில் தொங்கினான். அவள் கல்லாவுக்கு அடியில் விழுந்த கண்ணாடி ஒன்றை எடுக்க இடுக்கியைத் தேடினாள்.

ஜூலையில், தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று தாமதமாகக் கேள்விப்பட்டு அவனுடைய அக்கா வந்தாள். அவன் துள்ளி நடப்பதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"இவனுக்கா உடம்பு சரியில்ல? கல்யாணத்துக்கு முன்னாடி சாக்ஸ்கூட நான்தான்மா மாட்டிவிடுவேன். குனிய வராது. சரியான உலக்கை! நீ வந்த ராசி, இப்படி ஆயிட்டான்."

அவனும் சேர்ந்து சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் பின்பக்கமாக வளைந்து தரையில் கை ஊன்றி, தோழிகளைத் தலைகீழாகப் பார்த்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் பையை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"வகுப்புக்கு."

"அப்ப நான்?" என்றான். பிறகு குரலை இறக்கி, "பாதிப் பாதி வச்சுக்கலாமே" என்றான்.

"இத்தனை வருஷம் இது ஏன் உங்களுக்குத் தோணல?"

"உன்னோடதுன்னு எனக்குத் தெரியாதே."

"எனக்கும்தான் தெரியாது. நான் குனிய முடியாம கெடந்தது தெரியும்ல?"

அவள் இடுக்கியை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு வெளியேறினாள். வகுப்புக்குப் போகும் படிக்கட்டில் அவள் வெகுநேரம் நின்றதை மருந்துக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். பிறகு ஏறிப்போய்விட்டாள்.

டிசம்பரில் வகுப்பின் ஆண்டு நிகழ்ச்சி நடந்தது. பழைய சகாக்கள் ரப்பரைப் படுக்கைவசத்தில் தூக்கிவந்து கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்தார்கள். மேடையில் அவள் கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்று பின்பக்கமாக வளைந்து கை ஊன்றியபோது, கூட்டத்துக்குப் பின்னால் அவன் தலைகீழாகத் தெரிந்தான். அவன் கண்ணீர் மேல்நோக்கி வழிந்துகொண்டிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவனால் முடியவில்லை.

இப்போது அவன் ஜன்னலோரம் நின்றபடி, ஏ.சி. பழுதென்று வரும் அழைப்புகளைக் கேட்டு ஆட்களை அனுப்புகிறான். சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிதான். அவனை யாரும் ரப்பர் என்று கூப்பிடுவதில்லை. செவ்வாய்க்கிழமைகளில், கிளம்புவதற்கு முன், அவள் குனிந்து அவனுக்குச் சாக்ஸ் மாட்டிவிடுகிறாள்.