சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம்

இரண்டாம் வகுப்புக்கு மரகதவல்லி டீச்சர் என்னென்ன சட்டம் வைத்திருந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா. அது தெரியாவிட்டால் பள்ளிக்கூடக் கேட்டு வாசலில் நடந்தது உங்களுக்கு விளங்காது.

காலையில் மணி அடிக்கும் முன்னால் பிள்ளை வரிசையில் நிற்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு ரெட்டைச் சடை, மடித்துக் கட்டி ரிப்பன். மற்ற நாளில் நீலம், புதன்கிழமை வெள்ளை. வீட்டு ஆட்கள் வகுப்பு வாசல் வரைக்கும் வரக்கூடாது, மத்தியானம் வந்து ஊட்டிவிடக் கூடாது. பிறந்தநாளுக்கு மிட்டாய் கொடுக்கலாம், கேக் கூடாது. சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர் அட்டை காட்ட வேண்டும். அட்டையில் இரண்டு பேர் படம் ஒட்டியிருக்கும். அந்த இரண்டு பேரில் ஒருத்தர் வந்தால்தான் பிள்ளை வெளியே வரும். அதுவும் சும்மா வராது. யார் வந்திருக்கா என்று டீச்சர் கேட்பார். பிள்ளை கையை நீட்டி, எங்க அப்பா, எங்க அம்மா என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கையை விடுவார்.

இது போக வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். ஒரு பிள்ளைக்கு ஒரு நம்பர்தான். டீச்சர் செய்தி போட்டால், பார்த்ததற்கு அடையாளமாகக் கட்டைவிரல் போட வேண்டும். போடாத வீட்டுக்கு மறுநாள் டீச்சரே போன் போட்டுவிடுவார்.

பள்ளிக்கூடம் ராஜபாளையத்தில். டீச்சர் தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். ஜூன் மாதம் பெற்றோர் கூட்டத்தில் அவர் இதையெல்லாம் வாசித்தபோது, தேவஇரக்கம் பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தான். அவன் பெண்சாதி வின்சி பள்ளிக்கூட லீவில் இறந்துபோனாள். காய்ச்சல் என்று மதுரைக்குக் கொண்டு போனார்கள். உடம்பாகத்தான் திரும்பி வந்தாள். பிள்ளை பிளஸ்ஸிக்கு அப்போதுதான் ஏழு வயது முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஊரே அவனிடம் பேசியது. பாஸ்டர் பேசினார், தறி முதலாளி பேசினார், அடுத்த வீட்டுக்காரர்கள் பேசினார்கள். ஒன்றும் காதுக்குள் இறங்கவில்லை. டீச்சர் வாசித்த சட்டம் மட்டும் இறங்கியது. எப்படி இருக்கிறாய் என்று சட்டம் கேட்கவில்லை பாருங்கள். இன்னதைச் செய் என்றது. அவன் செய்தான்.

செய்ய வேண்டிய கட்டாயமும் ஒன்று இருந்தது. வின்சியின் அக்காள் ஏசம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். பையன்கள் இரண்டு பேரும் வெளியூரில் படிக்கிறார்கள், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. நினைவு ஜெபம் முடிந்த அன்று, பிள்ளையை என்னிடம் கொடு, அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று அவள் கேட்டாள். பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் நிற்கிறவன், சடை போடுவானா, சோறு கட்டுவானா, நேரத்துக்குப் போய்க் கூட்டி வருவானா? அவள் கேட்டதில் தப்பில்லை. தேவஇரக்கம் முடியாது என்று சொல்லவில்லை. பிள்ள எங்கூட இருக்கட்டும் மதினி என்று மட்டும் சொன்னான். கடைசியில் ஏசம்மாள்தான் ஒரு முடிவு சொன்னாள்.

"சரி தம்பி. பள்ளிக்கூடத்துல இருந்து குறையா ஒரு பேச்சு வரட்டும், அன்னைக்கே நான் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

அவன் தலையை ஆட்டினான்.

வின்சியின் போன் ஆஸ்பத்திரியிலிருந்தே ஏசம்மாளின் கைப்பையில் இருந்தது. அவன் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. குரூப்பில் இருந்தது அந்த நம்பர்தான். டீச்சர் எது போட்டாலும் ஏசம்மாள் பார்ப்பாள், தங்கச்சி நம்பரிலிருந்து கட்டைவிரல் போடுவாள், சாயங்கால ஜெபம் முடிந்ததும் தன் போனில் தேவஇரக்கத்தைக் கூப்பிடுவாள். நாளைக்குக் கலர் பென்சில் கொடுத்துவிடணுமாம். நாளைக்கு நகம் பார்ப்பாங்களாம். அவன் சரி மதினி என்பான். பிறகு பிள்ளையிடம் போனைக் கொடுப்பான். இப்படியே ஆடி மாதம் வரைக்கும் ஓடியது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பேச்சும் வரவில்லை.

காலையில் பிளஸ்ஸிக்குச் சடை போட்டு, கேட்டில் விட்டுவிட்டு, சத்திரப்பட்டி ரோட்டில் இருக்கிற தறிச் செட்டுக்குப் போவான். ஒருநாள் மணிக்கட்டில் நீல ரிப்பன் சுற்றியபடியே போய்விட்டான். பக்கத்துத் தறி முத்துராமலிங்கம் பார்த்துவிட்டு, "ஏலே, சடை போட்டது பிள்ளைக்கா ஒனக்கா?" என்றான். செட்டே சிரித்தது. தேவஇரக்கம் ரிப்பனைக் கழற்றி, சட்டை மாட்டுகிற ஆணியில் தொங்கவிட்டுத் தறியை ஓட்டினான். அதற்குப் பிறகு முத்துராமலிங்கம் அவனைக் கேலி பேசவில்லை. சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிவர அவன் கிளம்பும்போது, அவனுடைய தறியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டான்.

ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் கோயில் தேர் ஓடுகிற அன்று மாவட்டத்துக்கே லீவு விட்டார்கள். தறிச் செட்டும் லீவு. லீவு விட்டால் சும்மா விடுவார்களா, ஈடு கொடுக்க வேண்டும். தறிக்கு அது ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு அதற்கு முந்தின சனிக்கிழமை. தறிக்காரர்கள் கணக்கு ரொம்ப நேர். முழுநாள் லீவா, முழுநாள் ஓட்டு. அரைநாள் ஈடு என்று ஒன்றை அவன் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை.

வியாழக்கிழமை டீச்சர் குரூப்பில் போட்டார். சனிக்கிழமை பள்ளி உண்டு, புதன்கிழமைப் பாடவேளை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு மட்டும் பன்னிரண்டரைக்கு விட்டுவிடுவோம், மதியச் சாப்பாடு வேண்டாம்.

அன்று சாயங்காலமும் ஏசம்மாள் கூப்பிட்டாள். பிள்ளையோடு செத்த நேரம் பேசினாள். பொறவு அவனிடம், சனிக்கிழமை பள்ளிக்கூடம் இருக்காம், வெள்ளை ரிப்பன் கட்டணுமாம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் அவன் எலுமிச்சைச் சாதம் கிளறி, முட்டை அவித்து வைத்து, டப்பாவை மூடினான். வெள்ளை ரிப்பன் கட்டினான். பிள்ளையைக் கேட்டில் விட்டுவிட்டுத் தறிக்குப் போனான்.

பன்னிரண்டரைக்குச் சின்னப் பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். பிளஸ்ஸி மட்டும் வரிசையில் நின்றாள். வரிசை என்று அங்கே ஒன்றும் இல்லை, அவள் ஒருத்திதான். டீச்சர் தேவஇரக்கத்துக்குப் போன் போட்டார். போன் சட்டைப் பையில், சட்டை ஆணியில். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, குரூப்பில் இருந்த அம்மா நம்பருக்குப் போட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். இதோ வாரேன் என்று ஒரு பெண்குரல் சொன்னது.

பிளஸ்ஸி வராந்தாவில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் தின்றாள். டீச்சருக்கு ஒரு வாய் நீட்டினாள். டீச்சர் வேண்டாம் என்றார். அவர் போக வேண்டிய பஸ் போய்விட்டது. வகுப்புப் பிள்ளை ஒன்று மிச்சம் இருக்கும்போது டீச்சர் கிளம்பக் கூடாது என்பது அவரே வைத்த சட்டம்.

ஏசம்மாள் பஸ் பிடித்து வந்து கேட்டில் நின்றாள். யார் வந்திருக்கா என்று டீச்சர் கேட்டார். எங்க பெரியம்மா என்று பிளஸ்ஸி கையை நீட்டிச் சொன்னாள். டீச்சர் தன்னிடம் இருந்த அட்டை நகலைப் பார்த்தார். அதில் ஒரு பக்கம் தேவஇரக்கம், ஒரு பக்கம் வின்சி. பிள்ளையை விட முடியாது என்று சொல்லிவிட்டார்.

நீங்கதானே என்னைக் கூப்பிட்டீங்க என்று ஏசம்மாள் கேட்டாள். அம்மா நம்பருக்குக் கூப்பிட்டேன் என்றார் டீச்சர். அம்மா இல்லை என்று உங்களுக்குத் தெரியாதா என்றாள். தெரியும், போன் அப்பாவிடம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன் என்றார். வாட்ச்மேன் தவசிமுத்து ஒரு ஸ்டூலை எடுத்துவந்து கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் போட்டார். ஏசம்மாள் அதில் உட்கார்ந்தாள். பிள்ளை கம்பிக்கு உள்ளே. பெரியம்மா, அங்க வெயிலா இருக்கா என்று ஒருதரம் கேட்டது. இல்லை என்றாள்.

தேவஇரக்கம் போனைப் பார்க்காமலே சட்டையை மாட்டிக்கொண்டு வழக்கமான நேரத்துக்கு வந்தான். வாசலில் சின்னப் பிள்ளைகள் ஏறுகிற ஆட்டோ இல்லை. சின்ன வகுப்புக் கதவெல்லாம் பூட்டிக் கிடந்தது. ஸ்டூலில் மதினி. வராந்தாவில் டீச்சரும் பிள்ளையும். வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு நின்றான்.

டீச்சர் பிள்ளையோடு கேட்டுக்கு வந்தார், கோபப்படவில்லை. சின்ன வகுப்புக்கு இன்றைக்கு அரைநாள் என்று சொன்னார். பிள்ளை மூன்று மணி நேரமாகக் காத்திருக்கிறது, இனிமேல் இப்படி நடக்கக் கூடாது, பெரிய டீச்சரிடமும் சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.

"முழுநாள் லீவு விட்டா முழுநாள்தான டீச்சர் ஈடு குடுக்கணும்?" என்றான். எதிர்த்துப் பேசவில்லை அவன். தெரியாமல்தான் கேட்டான்.

பெரிய பிள்ளைகளுக்குத்தான் முழுநாள் என்றார் டீச்சர்.

அவன் ஏசம்மாள் பக்கம் திரும்பினான். "பேச்சு வந்துருச்சு மதினி. சொன்னபடி கூட்டிட்டுப் போங்க. வீட்டுக்கு வாங்க, துணிமணி எடுத்துத் தாரேன்."

தறியில் பாவு நூல் அறுந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னான். பிளஸ்ஸி இதைக் கேட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அழவில்லை. அந்த வீட்டில் அழுகையெல்லாம் வைகாசியிலேயே தீர்ந்துபோயிருந்தது.

டீச்சருக்கு இந்தப் பேச்சு ஒன்றும் புரியவில்லை. தன்மேல் குற்றம் வந்துவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, போனை எடுத்துக் காட்டினார். "நான் வியாழக்கிழமையே போட்டுட்டேனே. உங்க வீட்டு நம்பர்ல இருந்தும் கட்டைவிரல் வந்திருக்கு. இதோ."

தேவஇரக்கம் குனிந்து பார்த்தான். கிறிஸ்துமஸுக்கு எடுத்த வட்டப் படத்தில் வின்சி. அதற்குக் கீழே கட்டைவிரல். வின்சி பார்த்துவிட்டாள் என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. அவள் பார்த்திருந்தால் சொல்லியிருப்பாளே என்று தோன்றியது. அப்புறம்தான் அந்தப் போன் யார் கையில் இருக்கிறது என்று நினைவு வந்தது.

ஏசம்மாள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"பாத்தேன்" என்றாள். "சொல்லணும்னுதான் போன் போட்டேன். பிள்ள பேசுச்சு. அப்பா வெள்ளை ரிப்பன் வாங்கி வச்சிட்டாங்க பெரியம்மா, எனக்கு இப்பம்லாம் சடை வலிக்கவே இல்லைன்னு சொல்லுச்சு. இனி பிள்ளைய வச்சிக்கோங்கன்னு நீ கேக்கவே மாட்ட, நானா வந்து கூட்டிட்டுப் போகவும் முடியாதுன்னு ஆயிருச்சு. அரைநாளுன்னு வாயில வரல. வரலைன்னு இல்ல. சொல்லாம வச்சிட்டேன்."

அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால், தொடுகிறது நம் கைதான், தொடப்படுகிற கன்னம் வேறு யாருடையதோ என்று இருக்குமே, அப்படி இருந்தது.

"அப்ப இந்தப் பேச்சு என்னால வரல" என்றான்.

"இல்ல."

"அப்ப பிள்ள இங்கயே இருக்கட்டும்."

ஏசம்மாள் சேலைத் தலைப்பால் முகத்து வேர்வையைத் துடைத்தாள். "இருக்கட்டும்" என்றாள்.

டீச்சர் அவனிடம் குரூப் நம்பரைப் பற்றிக் கேட்டார். செய்தி அவனுக்கு நேராக வர வேண்டும், அவன் நம்பரைத்தான் சேர்க்க வேண்டும் என்றார். தறியில் நிற்கும்போது பார்க்க முடியாது, ராத்திரி சோறு வைக்கும்போது பார்த்துவிடுவேன் என்று அவன் சொன்னான். அது போதும் என்றார் டீச்சர்.

"அப்ப தங்கச்சி நம்பரு?" என்று ஏசம்மாள் கேட்டாள்.

"ஒரு பிள்ளைக்கு ஒரு நம்பர்தாம்மா."

"ரெண்டு நாள் கழிச்சு எடுத்தா ஆகாதா டீச்சர்?"

டீச்சர் தேவஇரக்கத்தைப் பார்த்தார். சட்டத்தைப் பற்றி அவர் இன்னொருத்தர் முகத்தைப் பார்த்தது அந்த வருஷத்தில் அன்றைக்குத்தான் இருக்கும். அவன் அட்டையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தான். இப்பவே எடுத்துருங்க டீச்சர் என்றான்.

டீச்சர் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான் கண்ணுகளா. வகுப்பில் உள்ள எல்லா வீட்டுப் போனிலும் வின்சியை எடுத்துவிட்டதாக ஒரு வரி விழுந்திருக்கும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. யாரோ ஒரு பிள்ளையின் அம்மா மட்டும், வாசிக்காமலேயே பழக்கத்தில் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார். டீச்சர் அதைப் பார்த்தார். போனை அணைத்துப் பைக்குள் வைத்தார்.

தவசிமுத்து கேட்டைத் திறந்தார். பிளஸ்ஸி வெளியே வந்து வண்டி பக்கத்தில் நின்றாள்.

ஏசம்மாள் கைப்பைக்குள் தேடி வின்சியின் போனை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை. நீங்களே வச்சிக்கோங்க மதினி, அதுல படமெல்லாம் இருக்கும் என்றான். அப்புறம், மறந்துபோனதைச் சொல்கிற மாதிரி, நாளைக்கு எனக்குத் தறி முழுநாள் ஓடுது, பிள்ளைய ஆராதனைக்குக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் இல்லை என்றான். வருகிறாளா இல்லையா என்று கேட்கவில்லை. ஏசம்மாள் போனைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

"மொத பஸ்ஸுல வாரேன்" என்றாள்.

டீச்சரும் ஏசம்மாளும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள். ஒரே ஊர், ஒரே பஸ். ஒருத்தர் முன்னால், ஒருத்தர் கொஞ்சம் பின்னால். தேவஇரக்கம் பிள்ளையைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தான். ராத்திரிக்கு இட்லி வாங்குவோமா என்று பிள்ளை கேட்டது. வாங்குவோம் என்றான். வண்டி இரண்டு உதையில் ஸ்டார்ட் ஆகவில்லை. மூன்றாவதில் ஆனது.