எதிர் நாற்காலி

கல்லூரி நூலகத்தை ஒட்டி, உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து ஆலோசகர் அம்மாளுக்குக் கொடுத்திருந்தார்கள். மாணவர்கள் என்ன வேலைக்குப் போகலாம், எதற்காக வாழலாம் என்று பேசித் தெளிவதற்கான அறை. வாழ்க்கையின் நோக்கத்துக்கு நிர்வாகம் ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். மாணவர்கள் அந்த அம்மாளுக்கு வைத்த பெயர் திசைகாட்டி. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் திசைகாட்டி. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரப் பெருமைதான்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர்களை உட்கார வைத்து, எதிரே ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போடுவார். வீட்டில் யாரிடம் பேச முடியவில்லையோ அவர் அதில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மனதில் இருப்பதைச் சொல் என்பார். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். பாதிப்பேர் மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் எழுந்து போவார்கள்.

லாரி ஓட்டுநரின் மூத்த மகனும் அப்படித்தான் அந்த நாற்காலியைப் பார்த்து, தனக்குக் கணக்கு எழுதும் வேலை வேண்டாம், தீயணைப்பில் சேரப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னான். இதையே வீட்டில் போய்ச் சொல் என்று முதுகில் தட்டி அனுப்பியவர் திசைகாட்டி. சொன்னான். வீடு ரெண்டுபட்டது. ஒற்றைக்காலில் நின்று சேர்ந்தும்விட்டான். பிறகு ஒருமுறை சீருடையோடு இங்கே வந்து, "காலைல கண்ணு முழிச்சதும் எப்படா வேலைக்குப் போவோம்னு இருக்கு மேடம்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த கோடையில் ஒரு அட்டைப்பெட்டிக் கிடங்கு எரிந்தபோது கூரை அவன் மேல் இறங்கிவிட்டது.

இப்போது அந்த ஓட்டுநரே அறை வாசலில் வந்து நின்றார். திசைகாட்டி எழுந்து நின்றார். துக்கத்துக்குக் கிளம்பி, அவர்கள் தெருமுனை வரை போய், முகம் கொடுக்கத் துணிவில்லாமல் திரும்பி வந்தவர் அவர். நாலு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்.

ஓட்டுநர் திட்டவில்லை. இதே கல்லூரியில் வேதியியல் படிக்கும் இளைய மகளைத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினார். அவளும் அண்ணன் போன வேலைக்குத்தான் போவேன் என்கிறாளாம். மனுவும் போட்டுவிட்டாளாம். அவள் அம்மா சரியாகச் சாப்பிட்டே பல நாளாகிறதாம்.

"உங்க பேச்சைத்தான் அவன் கேட்டான். இவளும் கேப்பா" என்றார். "ஒண்ணைப் பறிகொடுத்தாச்சு மேடம். இதையாவது எனக்கு மிச்சம் வைங்க."

முடிவு உங்கள் பெண்ணுடையது, நான் எந்தப் பக்கமும் தள்ள மாட்டேன் என்று சொல்ல வேண்டும். திசைகாட்டிக்கு அது மனப்பாடம். பெற்றவர் முன்னால் அந்த வசனத்தை விட்டுவிட்டு, பெண்ணை உள்ளே கூப்பிட்டார்.

உள்ளே வந்த பெண் சொல்லாமலே காலி நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அண்ணன் எல்லாம் சொல்லியிருப்பான் போலும். அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

"அண்ணா, நீ விட்ட வேலையை நான் பாக்கறேன். உனக்காக இல்ல. எனக்கும் அதுதான் பிடிச்சிருக்கு."

குரல் நடுங்கவில்லை. எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்த கண் அது. இவள் துக்கத்தில் பேசவில்லை, இவளுக்கான வேலை இதுதான் என்று திசைகாட்டிக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கியதுதான் கொடுமை.

"உங்கண்ணன் கடைசியா இங்க வந்தப்ப அழுதாம்மா" என்று வாய் கூசாமல் ஆரம்பித்தார். "மணி அடிச்சாலே கை நடுங்குதுன்னான். விட்டுட்டு வந்துடேன்னு சொன்னேன். அப்பாகிட்ட சண்டை போட்டுட்டு வந்தேன், எந்த முகத்தோட வீட்டுக்குப் போறதுன்னு கேட்டான்."

அண்ணன் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். தங்கச்சி முன்னால் வீரனாக இருக்க நினைத்திருப்பான் என்று அதற்கும் ஒரு பதில் தயாராக வந்தது. பெண் எழுந்துகொண்டாள். பிறகு மனுவைத் திரும்ப வாங்கிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

அப்பாடா என்றிருக்க வேண்டிய ஓட்டுநர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

"போறப்ப நான்தான் சொன்னேன் மேடம். முடியலைன்னு திரும்பி வந்து இந்த வாசப்படியை மிதிக்காதேன்னு. கோவத்துல சொன்னது. அவன் அதை மனசுல வச்சுக்கலைன்னு நினைச்சேன். பிடிச்ச வேலையில சந்தோஷமாத்தான் போனான்னு சொல்லிச் சொல்லித்தான் நானும் அவ அம்மாவும் ராத்திரி கண்ணை மூடறோம்." திசைகாட்டியை நிமிர்ந்து பார்த்தார். "நெஜமாவே அப்படித்தான் சொன்னானா?"

வாசற்படிச் சங்கதி திசைகாட்டிக்குத் தெரியவே தெரியாது. பொய் பொருந்தட்டும் என்று போகிற போக்கில் சேர்த்த வார்த்தை அது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் இந்த மனிதருக்கு அந்தச் சந்தோஷமான மகன் திரும்பக் கிடைப்பான். ஆனால் வாசலில் நின்ற பெண் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றார்.

ஓட்டுநர் தலையாட்டினார். எழுந்தபோது எதிர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"என் பொண்ணைக் காப்பாத்திக் குடுத்துட்டீங்க மேடம்" என்று கும்பிட்டார். மகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து, தாழ்வாரத்தில் மெதுவாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள்.