ஹன்னா கத்தமாட்டாள்

கிணத்தடிப் பாசியில் வழுக்கி விழுந்த பியாட்றிஸ் ரீச்சர் முதலில் செய்த காரியம், முழங்காலுக்கு மேலே ஏறிக்கிடந்த சட்டையை இழுத்து விட்டதுதான். அந்த வளவுக்குள் பார்க்க ஆர் இருக்கினம்? புருஷன் றிச்சர்ட் கண்ணை மூடி மூன்று வருஷம். மகன் லண்டனில்; ஞாயிற்றுக்கிழமைதான் போன் எடுப்பான். அன்று திங்கள்.

எழும்பப் பார்த்தார். இடது கால் சொல்வழி கேட்கவில்லை. இடுப்பில் உயிர் போகிற நோ. போன் உள்ளே சாப்பாட்டு மேசையில் கிடந்தது. வானம் மார்கழி மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது.

கத்தினால் மதிலுக்கு அங்காலை உதயகலாவுக்குக் கேட்கும். அவள் கறி தாளிக்கிற சத்தமே இஞ்சாலை கேட்கிறதே! ஆனால் காலமெல்லாம் வகுப்பில் "சத்தம் போடாதேங்கோ" என்று சொன்ன வாய் கத்துமோ?

பிறேமோடும் இதே வழக்குத்தான். கோயில் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு நாடகம் எழுதியது ரீச்சர், பழக்குகிறவன் பிறேம். வெள்ளத்தில் தனியாக அகப்பட்ட விதவை ஹன்னாவின் கதை; ஹன்னாவாக நடிக்கிறதும் ரீச்சர்தான். ரீச்சரின் ஹன்னா, தண்ணி வாசலுக்கு வரும்போதும் சட்டிபானையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருப்பாள்.

"உவ என்ன மரக்கட்டையோ, ரீச்சர்? ஐயோவெண்டு குழறவேணும். இல்லாட்டிச் சனம் கொட்டாவி விடும்."

"இக்கட்டு வரேக்கைதான் தம்பி ஆள் ஆரெண்டு தெரியும். என்ரை ஹன்னா கத்தமாட்டாள்."

கடைசியில் பிறேம்தான் வென்றான். போன கிழமை முழுக்க ரீச்சர் முற்றத்தில் நின்று, வெட்கத்தோடு அந்தக் குழறலைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

இப்போது மதிலுக்கு அங்காலையிருந்து அடிப்பிடிக்கிற மணம் வந்தது. அப்பாடா, கூப்பிட ஒரு சாட்டு!

"உதயகலா! உங்கடை கறி அடிப்பிடிக்குது போல!"

"ஐயோ, ஓம் ரீச்சர்! நல்ல காலம் சொன்னியள்!"

அகப்பை சட்டியைச் சுரண்டியது. அவ்வளவுதான். ரீச்சருக்குத் தன்மேலேயே ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. சாகக் கிடக்கேக்கையும் உனக்கு அயலவளின்ரை கறியோ, விசரி!

முதல் துளி நெற்றியில் விழுந்தது. ரீச்சர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கத்தினார். "ஐயோ! ஆரும் இல்லையோ! என்னைக் காப்பாத்துங்கோவன்!"

அங்காலை கைதட்டல் கேட்டது.

"இண்டைக்குத்தான் திறம், ரீச்சர்! எனக்குப் புல்லரிக்குது!"

உதயகலா கொடியில் காயப்போட்ட உடுப்புகளை உருவிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிடுவாள். பிறகு மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஹன்னாவின் சொல் முடிந்துபோயிற்று. சொந்தச் சொல் ஒன்று இருந்தது. றிச்சர்டைப் பெட்டியில் வைத்து மூடிய அன்றுகூட அதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

"பிள்ளை," என்றார். "எனக்குப் பயமாக் கிடக்கு."

அங்காலை காலடி நின்றது.

"ரீச்சர்? உது நாடகத்திலை இல்லையே?"

"இல்லை," என்று சொல்லி முடிக்குமுன் அழுகை வெடித்துவிட்டது. சின்னப்பிள்ளை மாதிரி, மூக்கு வழிய வழிய அழுதார்.

பிளாஸ்ரிக் கதிரை ஒன்று மதிலோடு இழுபட்டது. உதயகலாவின் நனைந்த தலை மேலே வந்தது. "என்ரை கடவுளே!" என்றவள் மதிலால் ஏறிக் குதித்தாள்.

சட்டை திரும்பவும் முழங்காலுக்கு மேலே ஏறிக்கிடந்தது. ரீச்சர் அதைத் தொடவில்லை. இரண்டு கையையும் அவளிடம் நீட்டினார்.