மகள் அளந்த கை

எங்கள் தையல் கம்பெனி லைனில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தைக்கும் நேரத்தை அளக்க ஆள் வந்து நின்றால் கை தானாக மெதுவாகிவிட வேண்டும். ஊசியைச் சரிபார்க்கலாம், நூலை இழுத்துவிடலாம், துணியை இன்னொரு தரம் தடவலாம். ஏனென்றால் அன்று அளக்கும் வேகம்தான் மறுநாள் எல்லோருக்கும் டார்கெட். புதிதாக வருகிறவளுக்கு முதல் பாடமே இதுதான். எனக்குச் சொல்லித்தந்தவள் காலரக்கா.

சட்டைக் காலர் தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, அதனால் அந்தப் பெயர். நான் பக்கத்து மெஷின். அக்கா, மகள் படிப்புக்காக ஓவர்டைம் பார்த்துப் பார்த்தே முதுகு வளைந்தவள். அந்த மகள் படித்து முடித்து, எங்கள் கம்பெனிக்கே, கையில் ஸ்டாப்வாட்சோடு அளக்கிற ஆளாக வந்து சேர்ந்தாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும், "தையல்காரி மகள்னு தெரிஞ்சா உன்னை மதிக்க மாட்டாங்க, வாயைத் திறக்காதே" என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தாள். எங்களுக்கும் அதே உத்தரவு.

முதல் நாள் மேனேஜர் அவளை எங்கள் லைனுக்கு அழைத்து வந்தார்.

"காலர்ல இந்தம்மாதான் சீனியர். இவங்களையே அளந்திடுங்க."

மகள் வாட்சை அழுத்தினாள். நான் என் காலால் அக்காவின் காலைத் தட்டினேன். அவளுக்கு எங்கே உறைத்தது! பெற்ற பிள்ளை முதன்முறையாக அவள் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கிறது. அக்கா தைத்தாள் பாருங்கள், அப்படி ஒரு தையலை நான் பார்த்ததே இல்லை. துணி திரும்பியதும் தெரியவில்லை, முனை மடிந்ததும் தெரியவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்து சிரித்தாள். மகள் முகம் வெளுத்திருந்தது. மேனேஜர்தான் பதிலுக்குச் சிரித்தார்.

மறுநாள் போர்டில் புது டார்கெட். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் தைத்தோம், எட்டவில்லை. சாயங்காலம் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துத் திட்டினார்கள். நான் அக்காவிடம் திரும்பினேன்.

"எங்க தலையில மண்ணள்ளிப் போட்டுட்டியேக்கா. உனக்குச் சம்பாதிக்கிற மக இருக்கா. எங்களுக்கு யார் இருக்கா?"

அந்த வேகத்தை அக்காவாலேயே மதியத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்பதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் மகள் காத்திருந்தாள்.

"நான் என்ன சித்தி செய்யட்டும்? மேனேஜர் பக்கத்துலயே நிக்கிறாரு. கண்ணால பார்த்ததை எப்படி மாத்தி எழுதுறது?"

"உன்னை யார் என்ன சொன்னா?" என்றேன். மனசுக்குள் நன்றாகவே சொல்லியிருந்தேன்.

"மறுபடி அளக்க வழியிருக்கா பாப்பா?" என்று கேட்டாள் அக்கா.

"லைன்ல இருந்து கேட்டா வந்தாகணும்மா."

"நாங்க கேக்குறோம். நீயே வா."

கேட்டோம். மகள் வந்தாள், மேனேஜரும் கூடவே வந்தார். இம்முறை அக்கா மெதுவாகத் தைத்தாள். அதோடு விடவில்லை. முனையைக் கோணலாக்கினாள், பிரித்தாள், திரும்பத் தைத்தாள், அதுவும் கோணல். பழகிய கை தப்பாகத் தைக்க என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். மகளுக்கும் புரிந்துவிட்டது.

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். "ஒருநாள் ஓடுது, ஒருநாள் படுத்துடுது. இந்தக் கையை நம்பி டார்கெட் வெச்சது தப்பு. பழையதே இருக்கட்டும். இவங்களை நூல் பிசிறு வெட்டுற மேசைக்கு மாத்திடுங்க. காரணத்தை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அந்த மேசையில் சம்பளம் பாதிதான். மெஷினைத் தொடவே விடமாட்டார்கள்.

"சார், இவங்க என்..." என்று மகள் தொடங்கினாள்.

"எழுதுங்க மேடம்," என்றாள் அக்கா. "கை தளர்ந்துபோச்சுன்னு எழுதுங்க."

மகள் தலை நிமிராமல் எழுதினாள்.

அக்கா எழுந்து, இத்தனை வருஷமாக நாற்காலியில் போட்டு உட்கார்ந்திருந்த சின்ன மெத்தையை எடுத்தாள். தூசியைத் தட்டி என் மடியில் வைத்தாள். "அக்கா..." என்றேன்.

"நீ வெச்சுக்கோ," என்றாள். "அங்க நின்னுக்கிட்டேதான் வேலை."